டார்னெய்ட் நொச்சி

பக்தி கூடினவனுக்கு மூக்கு வேலை செய்யாது. யாரையும் புண்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. என்னுடைய மூக்கை வைத்துத்தான் சொல்கிறேன். வருஷக்கணக்காகச் சாம்பிராணியும் கற்பூரமும் ஏறி ஏறி, கடைசியில் அது மூக்குக்கண்ணாடி இருப்பதற்கான ஒரு மேடையாக மட்டும் மிஞ்சியது. அந்த மேடை கொஞ்சம் வேலை செய்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டி வந்திராது.

நான் மெல்பேர்னில், மல்கிரேவில் இருக்கிறேன். பண்டகசாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். படிப்பு ஊரில் ஓ.எல். வரைக்கும்தான். அதிலும் கணக்குப் பாடம் என்னைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. வேலை இடத்தில் எனக்குப் பெயர் 'மேட்'. (அங்கே எல்லாருக்கும் அதுதான் பெயர். கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவோம்.) ஆனால் கோயிலில் நான் 'இலை அண்ணை'. பூசைக்கு வேண்டிய இலை, தழை, பூ எல்லாம் என் பொறுப்பு. வில்வமும் துளசியும் எங்கள் வீட்டுக்குள் சட்டியில் நிற்கும். குளிர்காலத்தில் மனிசி ரதிக்குக் கம்பளி போர்த்தினேனோ இல்லையோ, கறிவேப்பிலைக்குப் போர்த்துவேன். மெல்பேர்னில் எந்தத் தமிழர் வீட்டிலாவது கறிவேப்பிலை மஞ்சளடித்தால் முதலில் படம் வந்து விழுவது என்னுடைய போனில்தான். டொக்டர்மாரும் இஞ்சினியர்மாரும் "அண்ணை, இதுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விதான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த பட்டம். கோயில் தொண்டுதான் என் முகவரி. அது இல்லாவிட்டால் நான் வெறும் மேட்.

ஆவணிச் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு இருபத்தொரு வகை இலையால் அர்ச்சனை செய்வது வழக்கம். மெல்பேர்னில் இருபத்தொன்று சேர்ப்பது லேசான வேலை அல்ல. எருக்கலைக்கு ஒருவர், ஊமத்தைக்கு ஒருவர் என்று ஆள் பிடித்து வைத்திருந்தேன். நொச்சி மட்டும் ஒரு வருஷமும் அகப்படவில்லை. ஐயர் அந்த இடம் வந்ததும் அட்சதையை எடுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கு அடுத்த ஆவணி வரைக்கும் போதும்.

இனிச் சுதாகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரதியின் தம்பி. கிளென் வேவர்லியில் பெரிய வீடு. தொழில், வீடு வாங்கி விற்றுக் கொடுப்பது. கோயில் நிர்வாக சபையில் உபதலைவர். எங்களை இந்த நாட்டுக்கு எடுத்தவன் அவன்தான். இதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியது கிடையாது. சொல்லிக்காட்டாமலே நாங்கள் நினைத்துக்கொள்ளும்படி நடந்துகொள்வான். அது ஒரு தனித் திறமை.

ஒருநாள் போன் எடுத்தான்.

"அத்தான், ஒரு உதவி. டார்னெய்ட் வீட்டிலை கொஞ்சம் மூலிகை வளக்கிறன். இலையெல்லாம் மஞ்சளடிக்குது. ஒருக்கா வந்து பாக்கேலுமே?"

சுதாகரன் என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, வெஸ்ட்கேட் பாலத்தைத் தாண்டி, நகரத்தின் மற்ற அந்தத்துக்குப் போனேன்.

புது வீடு. குடியிருக்க ஆள் இல்லை. யன்னல் எல்லாவற்றுக்கும் கறுப்புத் துணி. உள் அறையில், கோயில் யாகசாலை அளவுக்கு ஒரு கூடாரம். உட்பக்கம் வெள்ளித்தாள், மேலே ஊதா விளக்கு, மூலைக்கு மூலை மின்விசிறி. கூடாரத்தின் சிப்பை அவன் இழுத்துத் திறந்ததும் ஒரு மணம் வந்து முகத்தில் அடித்தது. நசிந்த கொத்தமல்லியும் நனைந்த சப்பாத்தும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். (என் மூக்குக்கே அவ்வளவு வந்தது என்றால் மற்றவர்களுக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.)

உள்ளே பார்த்தேன். விரல் விரித்த கைபோல இலைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நொச்சியே!" என்றேன்.

சுதாகரன் ஒருகணம் என்னைப் பார்த்தான். பிறகு, "ஓம் அத்தான், நொச்சிதான்" என்றான்.

"நொச்சிக்கு மூண்டு விரல், அஞ்சு விரல்தானே? இதுக்கு ஏழு கிடக்கு."

"இது வெளிநாட்டுச் சாதி."

"பூ நீலமாயெல்லே இருக்கும்? இது பச்சைக் குஞ்சமாய்க் கிடக்கு. கையிலை பிசுபிசுக்குது."

"அதுவும் வெளிநாட்டுச் சாதிதான். ஆயுர்வேத எண்ணெய்க்கு. லைசன்ஸ் இன்னும் வரேல்லை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

பொய்யை அவன் எனக்குச் சொல்லவில்லை, கவனியுங்கள். நான்தான் அதைத் தட்டத்தில் வைத்து அவனுக்கு நீட்டினேன். அவன் மரியாதைக்கு எடுத்துக்கொண்டான்.

இந்த இலையை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அதுதான் இன்னும் வெட்கம். டண்டினாங் ஸ்டேஷனில் இளம் பெடியள் நெஞ்சில் இந்த இலைப்படம் போட்ட சேட்டோடு நிற்பார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் மரம் செடியை மதிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டவன் நான். ஒருவனுக்குத் தலையாட்டிப் புன்னகையும் செய்திருக்கிறேன். அவன் பக்கத்தில் வந்து ஏதோ மெதுவாகக் கேட்டான். ரயிலைக் கேட்கிறானாக்கும் என்று நேரத்தைச் சொல்லி அனுப்பினேன்.

வைத்தியத்தில் இறங்கினேன். மண்ணுக்குள் விரலை விட்டால் சேறு.

"ஒவ்வொரு நாளும் தண்ணி விடுறியோ?"

"மஞ்சளடிக்குது எண்டு கூட விட்டனான்."

"நல்ல வேலை. வயித்தாலை போறவனுக்கு இன்னும் சாப்பாடு குடுக்கிற மாதிரி. வேர் மூச்செடுக்கேலாமல் கிடக்கு. சட்டியைத் தூக்கிப் பார், பாரம் குறைஞ்சால்தான் தண்ணி."

உபதலைவர் சட்டியைத் தூக்கிப் பார்த்தார். நான் சொல்ல, அவன் செய்தான். அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை போனபோது சேறு காய்ந்திருந்தது. ஆனால் இலை நுனியெல்லாம் தீய்ந்திருந்தது. போத்தலில் வந்த உரத்தை இரண்டு பங்காக ஊற்றியிருக்கிறான். வெறும் தண்ணீரை நிறைய விட்டுக் கழுவச் சொன்னேன். உச்சி இலைகள் வெளிறியிருந்தன. விளக்கு தலையில் முட்டாத குறை. அதை உயர்த்திக் கட்டினேன். நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மட்டும் மஞ்சளடித்த இலைகளுக்குக் கறிவேப்பிலைக்குச் செய்வதுபோல எப்சம் உப்பைக் கரைத்து விட்டேன். போகும்போது ஒவ்வொரு சட்டிக்கும் விபூதி போட்டேன். கண்ணூறு பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் கூடாரத்து வாசலில் எலுமிச்சங்காயும் செத்தல் மிளகாயும் கோத்துக் கட்டினேன். அதோடும் விடவில்லை. கூடாரத்துக்குள் நின்று, ஊதா வெளிச்சத்தில், கண்ணை மூடி ஒரு பதிகம் பாடினேன். சுதாகரன் வெளியில் நின்று சப்பாத்தைக் கழற்றாமல் கும்பிட்டான். அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். தோள் குலுங்கியதைப் பக்தி என்று நினைத்துவிட்டேன்.

செடிகள் தேறின. குஞ்சங்கள் கொழுத்துக் குனிந்து நின்றன. பிறகும் அடியில் நின்ற முற்றிய இலைகள் மட்டும் ஒரே சீராக மஞ்சளடித்தன. சுதாகரன் பதறிக்கொண்டு போன் எடுத்தான்.

"திரும்பத் தொடங்கீட்டுது அத்தான்!"

போய்ப் பார்த்தேன். மெதுவாக இழுத்தால் கையோடு வந்தது.

"இது வருத்தமில்லையடா. பூக்கிற நேரம் எல்லாச் செடிக்கும் உள்ளதுதான். அடி இலை தன்னிலை இருக்கிறதை எல்லாம் மேலை பூவுக்கு அனுப்பிப்போட்டுத் தான் காயும். அதை அதின்ரை பாட்டிலை விடு."

சொல்லும்போது எனக்கே நெஞ்சு நெகிழ்ந்தது. குடும்பத்துக்காக உழைக்கிறவனைப் பற்றிச் சொல்கிறேன் என்று ஒரு நினைப்பு.

சதுர்த்தி வந்தது. அதற்கு முதல்நாள் தண்ணீர் பார்க்கப் போனவன், நல்ல பச்சையாக நின்ற இலைகளாகப் பார்த்து ஒரு பை பிடுங்கினேன். அழகுக்கு ஒரு குஞ்சமும் முறித்தேன். சுதாகரனிடம் கேட்கவில்லை. பிள்ளையாருக்குப் போவதற்கு யாரிடம் கேட்பது? தவிரவும், அவனே உபயகாரன். குடும்பத்தோடு முன்வரிசையில் இருப்பான். பார்த்துப் பூரித்துப் போகட்டும் என்று நினைத்தேன்.

கோயில் நிறைந்த சனம். அன்றைக்கு விசேஷ விருந்தாளியாகப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்திலிருந்து ஒரு பெண் அதிகாரியை நிர்வாக சபை அழைத்திருந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றி, நெற்றியில் விபூதி பூசி, முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரையில் பட்டு வேட்டியோடு சுதாகரன், பொறுமையாக ஒவ்வொரு கிரியைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐயர் ஒவ்வொரு இலையாக மந்திரம் சொல்லிப் போட்டுக்கொண்டு வந்தார். நொச்சியின் முறை. வழக்கம்போல அட்சதைக்குக் கையைக் கொண்டுபோனார். நான் தொண்டையைச் செருமினேன். தட்டத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளினேன். ஐயர் பார்த்தார். முகம் மலர்ந்தது. கைநிறைய அள்ளிப் பிள்ளையார் பாதத்தில் போட்டு, குஞ்சத்தைத் தும்பிக்கையோரம் செருகினார். என் வாழ்க்கையில் அதைவிட உயரத்தில் நான் நின்றதில்லை.

(நல்லகாலம், அன்றைக்கு ஹோமம் வைக்கவில்லை. வைத்திருந்தால் வந்தவர் எல்லாருக்கும் நேரிலேயே தரிசனம் கிடைத்திருக்கும்.)

முதலில் பின்னால் நின்ற இளசுகளிடமிருந்து ஒரு கிளுகிளுப்பு. பிறகு போன்கள் உயர்ந்தன. நொச்சியைப் படம் எடுக்கிறார்கள் என்று நான் தட்டத்தைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தேன். பூத்தட்டம் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளை ஒன்று என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"அங்கிள், ஆர் யூ சீரியஸ்? இது கஞ்சா."

"இல்லையம்மா, நொச்சி. வெளிநாட்டுச் சாதி."

"அங்கிள், ப்ளீஸ். இது கஞ்சாதான்."

அதற்குள் அந்த அதிகாரி எழும்பிவிட்டார். மூலஸ்தானத்துக்கு வெளியே மரியாதையாக நின்று, ஒருமுறை மணந்து பார்த்தார். அவருடைய மூக்கில் சாம்பிராணி ஏறவில்லை. இதை யார் கொண்டுவந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மேளம் நின்றுவிட்டது. நான் கையை உயர்த்தினேன். பழக்கதோஷம், இலையைப் பற்றி யார் கேட்டாலும் கை உயரும்.

"மீ, மேடம். நோ ஸ்ப்ரே. ஆல் நேச்சுரல்."

சபை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எங்கே கிடைத்தது என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

நான் சுதாகரனைப் பார்த்தேன். அவனுடைய முகம் மஞ்சளடித்துப் போயிருந்தது. அந்த மஞ்சளுக்குக் காரணம் பிடிக்க நான் மண்ணுக்குள் விரல் விடத் தேவைப்படவில்லை. கறுப்புத் துணி, லைசன்ஸ், பிசுபிசுப்பு, எல்லாம் ஒரே இழுப்பில் கையோடு வந்தன.

அவன் எழும்பினான். நல்லது, அவனே சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். பிள்ளையாருக்கு முன்னால், அக்காவுக்கு முன்னால், வேறு என்ன செய்வான்?

அவன் அந்த அதிகாரியிடம் அழகான ஆங்கிலத்தில் சொன்னான். இவர் என் அக்காவின் கணவர், அப்பாவி மனிதர், படிக்காதவர், கண்ட கண்ட இடத்தில் இலை பிடுங்குகிற பழக்கம் உண்டு, மன்னித்துவிடுங்கள் என்று. எனக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் என்னைப் பற்றிப் பேசும் ஆங்கிலம் முழுக்க விளங்கும். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்:

"அத்தான், எங்கை பிடுங்கினனீங்கள்? பயப்பிடாமல் சொல்லுங்கோ."

நான் சொன்னால் அவன் போய்விடுவான். அவனுடைய பதவி, தொழில், பெயர் எல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். என்னிடம் போவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெண்கள் பக்கம் பார்த்தேன். ரதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அல்ல.

"கிறீக் சைட், மேடம்" என்றேன். "ரோட் சைட். ஐ திங்க் ஹோலி லீஃப்."

இருபது வருஷமாகத் தொண்டு செய்த சந்நிதியில் அதுதான் நான் சொன்ன முதல் பொய். பிள்ளையாரின் தும்பிக்கையோரம் குஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. ஊமத்தையையும் எருக்கலையையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிற சாமி. இதையும் ஏற்றுக்கொண்டார்.

அந்த அதிகாரி நல்ல மனிசி. என் தோளில் தட்டி, இனித் தெரியாத செடியைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லி, இலைகளைப் பைக்குள் போட்டுக் கொண்டுபோனார். எனக்கு விலங்கு போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது. அந்தத் தட்டல்தான் வலித்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் ரதியிடம் உண்மையைச் சொன்னேன். ஸ்பிரிங்வேல் ரோட் சிக்னலில் நிற்கும்போது சொன்னாள்: "என்னப்பா செய்யிறது. தம்பிக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கு."

எங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வந்தது. பச்சை விழுந்துவிட்டது. காரை எடுத்தேன்.

நிர்வாக சபை கூடியது. இலைத் தொண்டை இனி வேறு ஒருவர் பார்ப்பது நல்லது என்று தீர்மானம். அதை முன்மொழிந்தவர் உபதலைவர். "அத்தானும் களைச்சுப்போனார், ஓய்வு குடுப்பம்" என்றானாம். ஐயர் மட்டும் என்னைத் தேடி வந்து, "நீர் மனசறிஞ்சு செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார். தெரிந்து என்ன? இப்போது இலைகள் பொதியில் வருகின்றன. எல்லாம் காய்ந்து ஒரே நிறம். எது வில்வம், எது மாதுளை என்று கேட்டால் கொண்டுவருகிறவருக்கே தெரியாது. போனில் எனக்குக் கறிவேப்பிலைப் படம் வருவதும் நின்றுவிட்டது. முன்பு 'அண்ணை' என்று கேட்டவர்கள் இப்போது கண்டால், "என்ன அண்ணை, புதுச் சரக்கு ஏதும் வந்திருக்கோ?" என்று கேட்கிறார்கள்.

சபை கூடிய கிழமைக் கடைசியில் சுதாகரன் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தான்.

"பிழையாய் நினையாதேங்கோ அத்தான். அந்த நேரம் வேறை வழி தெரியேல்லை."

"சரி, விடு."

அவன் கதவு வரைக்கும் போய்த் திரும்பினான். "அத்தான், இன்னொண்டு. இப்ப நடு இலையும் மஞ்சளடிக்கத் தொடங்கீட்டுது. அது பிரச்சினையில்லைத்தானே?"

இந்த இடத்தில் நான் அவனை வாசலோடு துரத்தினேன் என்று எழுத எவ்வளவு ஆசை தெரியுமா? "அது முத்தி வருகுது, இனி உரம் போடாதை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். வைத்தியன் புத்தி. கதவைச் சாத்திய பிறகு சுவாமி அறைக்குப் போய் அழுதேன். விளைச்சல் நன்றாக வந்ததாகப் பிறகு அறிந்தேன். அந்த வீட்டையும் விற்றுவிட்டான்.

வருஷங்கள் போய்விட்டன. குடும்பத்தில் பிறந்தநாளோ கல்யாணமோ எது வந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கதை வந்தே தீரும். சொல்வது சுதாகரன்தான். நன்றாகச் சொல்வான். ஒவ்வொரு முறையும் ஏதாவது சேரும். இப்போது அந்தப் பொலிஸ் அதிகாரி நாயோடு வருகிறார். பிள்ளையாரின் எலி மயங்கி விழுகிறது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். சிரிக்காதவர் கிடையாது. நானும் சிரிப்பேன். நல்ல இடங்களில் எடுத்தும் கொடுப்பேன்.

போன மாதம் எங்கள் மகளின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் புதிதாகக் கேட்பதால் சுதாகரன் இன்னும் உற்சாகமாகச் சொன்னான். கதை முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளையின் தகப்பன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "மெய்யே, அது எங்கை கிடைச்சது உங்களுக்கு?"

நான் சுதாகரனைப் பார்த்தேன். ஒரு சின்னப் பயமாவது தெரியும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அவன் முகத்தில் ஒரு மஞ்சளும் இல்லை. என் பக்கம் குனிந்து, உண்மையிலேயே அறிய ஆசைப்படுகிறவன் போல, "ஓம் அத்தான், எங்கை பிடுங்கினனீங்கள்?" என்றான்.

அவன் மறந்துவிட்டான். ஆண்டவன் அறிய, அவன் நடிக்கவில்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கு அது அப்படியே ஆகிவிட்டது.

"ஓடைக்கரையிலை" என்றேன்.

வீடு அதிரச் சிரித்தார்கள். ரதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தம்பியின் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள்.